கோமணம் கட்டியவர்களுக்குச் சிலை

"கோமணம் கட்டுன ஆளுங்களுக்குச் செலை வெச்சிருக்காங்கக்கா, மெட்ராசுல!"

கடத்தூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும், ஜன்னலைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த மூத்தவள் நம்பவில்லை.

"சாமியாருங்களா இருக்கும்."

"இல்லக்கா, பாறை தள்றவங்க. நாலு பேரு. டூர்ல பீச் ரோடு முழுக்க நடக்க வெச்சுக் காட்டுனாங்க. ஒருபக்கம் கடலு, ஒருபக்கம் கோட்டையாட்டம் காலேஜு. வழிநெடுக பெரியவங்க செலை. அண்ணாந்து பாத்துக் கழுத்தே வலிச்சுப்போச்சு."

"உன் வூட்டுக்காரரும் வந்தாரா?"

"வந்தாரு. ஒவ்வொரு செலை முன்னாலயும் தோள்துண்ட எடுத்துக் கக்கத்துல வெச்சுக்கிட்டாரு. கல்லு ஒடைக்கப் போற எடத்துல மொதலாளி முன்னால நிப்பாரே, அப்படி."

"இந்த நாலு பேரு முன்னாலயுமா?"

"அங்க வந்ததும் இவங்க பேரு என்னான்னு கேட்டாரு. பேரெல்லாம் இல்ல, உழைக்கறவங்கன்னு டூர்காரரு சொன்னாரு. இவரு அண்ணாந்து அவங்க தள்ற பாறையப் பாத்தாரு. அப்புறம் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு."

"அப்புறம்?"

"அதுக்கப்புறமும் பெரியவங்க செலை வந்துச்சுக்கா. துண்டு எறங்கவே இல்ல."