ஏரிக்காவல் கொம்பு

அவுரேலியா அக்கா, நான் கொம்பு ஊதுவது சுமார்தான். ஊர்க்காவல் தலைவியான நீங்களே காதைப் பொத்திக்கொண்டதுண்டு. கன்று போட முடியாத மாடு கத்துகிற மாதிரி இருக்கிறதென்று காசிமிரோ எல்லோர் முன்னாலும் சொல்வான். நானும் சிரிப்பேன். அதற்காக அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் மகளுக்கு நான் ஞானத்தகப்பன்.

என் கோபமெல்லாம் ஊர்க்காரர்கள் உங்கள் எல்லோர்மேலும்தான். ஏரிக்கு அடியில் தங்கம் இருக்கிறதென்று கம்பெனி வந்தபோது, ஏரி நம் தாய், தொடவிட மாட்டோம் என்று நானூறு பேர் மேலே வந்து கூடாரம் போட்டோம். உருளைக்கிழங்கு தோண்டும் காலம் வந்ததும் தாய் மறந்துபோனாள். ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு மாமியார். கடைசியில் ஒன்பது பேர் மிஞ்சினோம். எதிர்க்கரையில் துளைபோடும் இயந்திரம் வந்து நின்றது. ஏரியை வற்றவைத்தால் கீழே நாலு ஊருக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லை.

ஒரு சாவு விழுந்தால் வருவீர்கள் என்று தெரியும். முதலில் என்னைத்தான் நினைத்தேன். என் சாவுக்கு யார் வருவார்களென்று எண்ணினேன். ஒரு கை விரல்கூட நிரம்பவில்லை. காசிமிரோவுக்கென்றால் மலையே கிளம்பும். சூப்பைத் துழாவிக்கொண்டே அவனே சொன்னான்: "தொரிபியோண்ணே, நான் செத்தாத்தான் இவங்க மேல ஏறி வருவாங்க போல." விளையாட்டாகத்தான் சொன்னான்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா. மூடுபனி இறங்கினால் காவலாள் பாதைமுனையில் நின்று ஊதுவான். ஏறி வருகிறவர் அந்தச் சத்தத்தை நோக்கி நடப்பார், புதைசேற்றில் கால் வைக்கமாட்டார். செவ்வாய் மத்தியானம் காசிமிரோ உப்பு வாங்கிக்கொண்டு ஏறி வந்தான். பனி இறங்கியது. காணிக்கையாக மூன்று கொக்கா இலையைத் தண்ணீரில் விட்டு ஏரியிடம் அனுமதி கேட்டேன். அது மாட்டேன் என்று சொல்லவில்லை. புதைசேற்றுக்கு அந்தப்பக்கம் போய் நின்று ஊதினேன்.

கம்பெனிக்காரன் தள்ளிவிட்டான் என்று நீங்களாகத்தான் சொன்னீர்கள். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். அறுநூறு பேர் வந்தீர்கள். எட்டே நாளில் இயந்திரம் இறங்கிப் போனது. கொம்பு ஏன் அந்தப்பக்கமிருந்து கேட்டதென்று ஆடு மேய்க்கிற பெண் உங்களிடம் கேட்டாளாம். நல்ல காது அவளுக்கு.

அவன் கஷ்டப்பட்டானா என்று அவன் மனைவி கேட்கிறாள். இடுப்புவரை இறங்கியதும், "அண்ணே, இங்கதான இருக்கீங்க?" என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. தான் தனியாக இல்லை என்று அவனுக்குத் தெரியட்டுமே என்று, அவன் குரல் அடங்கும்வரை விடாமல் ஊதிக்கொண்டிருந்தேன்.