முள் எடுத்துக் கொடுத்தவன்

ரவுடிப் படம் எடுப்பதற்குத் துப்பாக்கி தேவையில்லை. ஒரு கோப்பைச் சோறும் நாலு பொரித்த சூடை மீனும் இருந்தால் போதும். இதை நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன். கேட்கிறவர்கள் பகிடி என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். என் படத்தைப் பார்த்தபின் சிரிப்பதில்லை.

படத்தின் நாயகன் மதலேன், மஞ்சளும் பீடி இலையும் கடத்துகிறவன். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குள் ஒருவனைக் கயிற்றால் கட்டிக் கடலில் தள்ளிவிடுகிறான். அதற்கு முந்தின காட்சியில் அவன் தம்பியோடு இருந்து சோறு தின்கிறான். சூடை மீன் முழுக்க முள். மதலேன் ஒவ்வொரு மீனாகப் பிய்த்து, முள்ளை எடுத்து, சதையைத் தம்பியின் கோப்பையில் வைக்கிறான். ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் யாரைக் கொன்றாலும் பார்க்கிறவர்கள் அவன் பக்கம். தள்ளிவிடப்பட்டவன் ஏதோ பிழை செய்திருப்பான் என்று அவர்களே ஒரு காரணத்தைத் தேடிக்கொள்வார்கள். முள் எடுத்துக் கொடுத்தவனைக் கொலைகாரன் என்று சொல்ல மனிதருக்கு மனம் வராது.

இந்தப் பாடத்தை நான் சினிமாவில் படிக்கவில்லை. சின்ன வயதில், தவக்காலத்துப் பாஸ்கு நாடகத்தில் படித்தேன். யூதாஸ் முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்தபோது சனம் மண்ணை அள்ளி எறியாத குறை. அதே யூதாஸ் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மேடையில் தனியாக நின்றபோது, எனக்கு முன்னால் இருந்த பெண் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். கெட்டவனைக் கொஞ்ச நேரம் தனியாக நிற்கவைத்தால் சனம் மன்னித்துவிடும் என்று எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

என் பெயர் லம்பேட். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் வீடியோக் கடை வைத்திருக்கிறேன். காலையில் படியில் படுத்திருக்கும் கழுதைகளை எழுப்பிவிட்டுத்தான் கடைக்குள் போக வேண்டும். கலியாணம், கோயிலில் பிள்ளைகள் முதல் நன்மை வாங்குவது, செத்த வீடு எல்லாம் எடுப்பேன். செத்த வீடுதான் அதிகம். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் பெட்டி மூடுவதை நேரடியாகப் பார்க்க வேண்டும் அல்லவா. பிறகு போன் எடுத்து, மாமி அழுததைக் கிட்டவாகக் காட்டவில்லையே என்று குறைப்படுவார்கள். அப்படிக் கிட்டவாகக் காட்டிக் காட்டி எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒரு முகத்தைப் பார்த்தால், அது உண்மையாக அழுகிறதா, சனத்துக்காக அழுகிறதா என்று சொல்லிவிடுவேன். அதை ஒரு வரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மதலேனாக நடித்தவன் டினேஷ். தம்பியாக நடித்தவன் அவனுடைய சொந்தத் தம்பி றொஷான். இருவரும் தலைமன்னாரில் தொழில் செய்கிற மீனவர்கள். தகப்பன் இல்லை. தாய் செலீனா அக்கா எங்கள் எல்லோருக்கும் சமைத்துப் போட்டார். அந்த முள் எடுக்கும் காட்சிகூட நான் யோசித்தது அல்ல. முதல் நாள் சாப்பாட்டில் டினேஷ் தன்பாட்டில் றொஷானுக்கு முள் எடுத்துக் கொடுத்தான், அதுவும் மீசை முளைத்த தம்பிக்கு.

"சின்னனில ஒருக்கா அவனுக்குத் தொண்டையில முள்ளுக் குத்தினது அண்ணை. அண்டையில இருந்து நான்தான் எடுத்துக் குடுக்கிறனான்" என்றான்.

"விடச் சொன்னாலும் விடுறான் இல்ல" என்று றொஷான் வெட்கப்பட்டான்.

எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் பாசம் வந்தது. அதை யாரும் மறுக்கக் கூடாது.

கடைசிக் காட்சிதான் சிக்கலாகிவிட்டது. எதிரிகள் தம்பியின் போட்டில் ஓட்டை போட்டுவிடுகிறார்கள். நடுக்கடலில் தம்பி சட்டையைக் கழற்றித் துடுப்பில் கட்டி ஆட்டுகிறான். கரையில் நிற்கும் மதலேன் அதைப் பார்க்கிறான். போவதற்கு அவனிடம் ஒரு போட்டும் இல்லை. தம்பி சாகப்போகிறான் என்று பார்வையாளர்களுக்கு முன்பே தெரியும். மதலேனுக்கு இப்போதுதான் தெரிகிறது. தெரிந்தவர்களும் தெரியாதவனும் ஒரே கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தச் சில கணங்களில்தான் சனத்தின் நெஞ்சு மாட்டிக்கொள்ளும். அதற்கு வசனம் தேவையில்லை, முகம் ஒன்று போதும்.

சட்டையைத் துடுப்பில் கட்டி உயர்த்துவது எங்கள் கடலில் விளையாட்டுக் காரியமல்ல. எஞ்சின் நின்றாலோ தண்ணீர் ஏறினாலோ மீனவன் செய்வது அது. கரையில் எவன் கண்டாலும் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுப் போட்டைத் தள்ளுவான். மீனவர் சங்கத் தலைவர் கனகரத்தினம் ஐயா நேரே வந்து சொன்னார்.

"தம்பி, சேட்டு ஏத்துறதைச் சும்மா செய்யாதையுங்கோ. சனத்துக்குப் பழகிப்போனா ஒருத்தனும் ஓடி வரமாட்டான்."

"ஒலிபெருக்கியில அறிவிச்சுப்போட்டுத்தான் ஐயா எடுப்பன். நீங்கள் யோசிக்காதையுங்கோ" என்றேன்.

அவர் அரைமனதோடு தலையை ஆட்டினார். சொன்னபடியே காலையில் அறிவித்தோம். சட்டை ஏறினால் அது ஷூட்டிங், யாரும் பயப்பட வேண்டாம், போட்டைத் தள்ள வேண்டாம். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் முதல் தடவை எழுந்து நின்று பார்த்தார்கள். போகப் போகப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

நான் கரையில் சிவப்புத் துணியை வீசினால் றொஷான் சட்டையை ஏற்ற வேண்டும். மறுபடி வீசினால் இறக்க வேண்டும். அவன் சரியாகச் செய்தான். டினேஷின் முகம்தான் வரவில்லை. புருவத்தைச் சுருக்கினான், பல்லைக் கடித்தான், கண்ணைக் கசக்கினான். செத்த வீட்டில் மாமனாருக்காக அழுகிற மருமகனின் முகம் அது. எனக்கு ஆத்திரமாக இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

"அண்ணை, அவன் அங்க நல்லா இருக்கிறான் எண்டு எனக்குத் தெரியுதே. பிறகு எப்பிடி அழுறது?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான்.

மத்தியானம் சாப்பிட நிறுத்தினோம். றொஷானைக் கரைக்குக் கூப்பிடவில்லை. வந்து திரும்பப் போவதற்குள் வெளிச்சம் மாறிவிடும். அவனுக்குக் காலையிலேயே சோற்றுப் பார்சல் கொடுத்து விட்டிருந்தோம்; டினேஷ் முள் எடுத்து வைத்துக் கட்டிக் கொடுத்தது. போனை நனைந்துவிடும் என்று றொஷான் தாயிடம் விட்டுப் போயிருந்தான். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று கொஞ்சம் எழும்பியிருந்தது.

நான் கமராவைக் கழற்றவில்லை. டினேஷ் கோப்பையோடு மணலில் இருந்தான். அப்போது கடலில் சட்டை ஏறியது.

சிவப்புத் துணி என் காலடியில் கிடந்தது. நான் அதைத் தொடவில்லை. கமராவைக் கடல் பக்கம் திருப்பிக் கிட்டவாக இழுத்துப் பார்த்தேன். எஞ்சின் தூக்கிவிடப்பட்டிருந்தது. போட்டின் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. றொஷான் ஒரு கையால் தகரப் பேணியில் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டு, மறு கையால் துடுப்பை ஆட்டினான். நடிக்கும்போது அவன் மெதுவாக, பார்க்க அழகாக ஆட்டுவான். இது அப்படி இருக்கவில்லை.

வலை பிரிப்பவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். "இன்னும் முடியேல்லப் போல" என்றார் ஒருவர்.

டினேஷ் கோப்பையைக் கீழே வைத்தான். "அண்ணை, நீங்களோ ஏத்தச் சொன்னீங்கள்?"

"ஓம்" என்றேன்.

அந்த முதல் ஓம் ஏன் வந்தது என்று நிறைய யோசித்திருக்கிறேன். வாய் தவறி வந்தது என்று சொல்லலாம். அவன் முகத்தைப் பார்த்ததால் வந்தது என்பதுதான் சரி. அவன் என்னை நம்பினான்; கடலையும் பார்த்தான்; இரண்டும் ஒத்துப்போகவில்லை. அந்தக் குழப்பம் கண்ணிலிருந்து உதட்டுக்கு இறங்குவதைக் கண்டேன். எத்தனையோ செத்த வீடுகளில் நான் தேடித் திரிந்த முகம். இல்லை என்று சொல்லியிருந்தால் எழுந்து ஓடியிருப்பான். ஓடுகிறவனுக்கு முகம் இல்லை, முதுகுதான் உண்டு. நான் கமராவை அவன் பக்கம் திருப்பினேன்.

"அண்ணை, அவன் ஆட்டுறது வேற மாதிரிக் கிடக்கு. உண்மையா நீங்கள்தானோ சொன்னீங்கள்?"

இரண்டாம் தடவை பதில் சொல்வதற்கு முன் நான் ஃபோகஸைச் சரிசெய்தேன். சரிசெய்த பிறகுதான் சொன்னேன். "ஓம். டேக் போகுது. பார்த்துக்கொண்டே இரு."

பார்த்துக்கொண்டே இருந்தான். கண்ணில் தண்ணீர் தானாக வந்தது; துடைக்கவில்லை. உதடு தம்பியின் பெயரைச் சொன்னது, சத்தம் வரவில்லை. படத்தில் மதலேனுக்குப் போட் இல்லை. கரையில் எங்களுக்குப் பக்கத்தில் இரண்டு போட்டுகள் எஞ்சினோடு கட்டிக் கிடந்தன. சட்டை ஏறியதற்கும் விழுந்ததற்கும் இடையில் அதில் ஒன்று போய்ச் சேர்ந்திருக்கும். பதிவைப் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். சட்டை காணாமல்போன பிறகு டினேஷ் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாரத்தோடு கடலுக்குள் ஓடினான். அதையும் எடுத்தேன்.

றொஷான் மறுநாள் கரையொதுங்கினான். போட் புரண்டு தலையில் அடித்திருந்தது. விசாரணையில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: ஷூட்டிங் என்று நினைத்தோம். காற்றில் என் சிவப்புத் துணி அசைந்திருக்கும், அதைப் பார்த்துச் சட்டையை ஏற்றிவிட்டான் என்று நானும் நினைத்ததாகச் சொன்னேன். அதனால்தான் டினேஷிடம் ஓம் சொன்னேன் என்றேன். என்னை யாரும் சந்தேகிக்கவில்லை. இடம் கொடுத்தது தன் பிழை என்று கனகரத்தினம் ஐயா தலைவர் பதவியை விட்டார். டினேஷ் தன்னைத்தான் குற்றம் சொன்னான்.

"எனக்கு உள்ளுக்குத் தெரிஞ்சது அண்ணை. தெரிஞ்சும் இருந்திட்டன்."

நான் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

படத்தை முடிக்கச் சொன்னவர் செலீனா அக்காதான். "பிள்ளை ஆசையா நடிச்சது தம்பி, விட்டுடாதையுங்கோ" என்றார். அந்தக் காட்சியில் டினேஷின் இரண்டு கேள்விகளையும் என் இரண்டு பதில்களையும் அழித்துவிட்டுக் காற்றின் இரைச்சலை மட்டும் விட்டேன். மண்டபத்தில் படம் ஓடிய அன்று விம்மல் சத்தம்தான் கேட்டது. வெளியே வந்து என் கையைப் பிடித்தவர்கள் எல்லோரும் அந்த மௌனத்தைத்தான் பாராட்டினார்கள். இப்போது வெளிநாட்டிலும் பாராட்டுகிறார்கள். செலீனா அக்கா சோற்றுக் காட்சியை மட்டும் போனில் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். அதற்கு அப்பால் அவர் பார்ப்பதில்லை.

எனக்குத்தான் அந்த மௌனம் சரிவரவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் என் குரல் கேட்கிறது. முதலாவது மெதுவாக, இரண்டாவது தெளிவாக. வீட்டுக் கொடியில் காயும் சட்டைக்குக் காற்று பிடித்தால் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். மனைவி ஜெயனி காரணம் கேட்கவில்லை. இப்போது சட்டைகளை அறைக்குள்தான் காயப்போடுகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. தண்டனைக்கு அல்ல. யாராவது மறுபடியும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வேன் என்றுதான் பயம்.

ஆகவே, ஒரு கொலைகாரனைச் சனம் நேசிக்கும்படி எப்படிச் செய்தீர்கள் என்று நீங்கள் கேட்டால் என் பதில் இவ்வளவுதான். றொஷானை நான் சாகவிட்டேன். அதற்கு மேல் அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

டினேஷ் இப்போது கடலுக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். மீனைத் தன் கையால் பிய்ப்பதில்லை. நான்தான் பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு சூடையாக முள் எடுத்து அவன் கோப்பையில் வைக்கிறேன். அவன் சாப்பிடுகிறான். இவ்வளவும் கேட்ட பிறகு நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். ஆனாலும் இதையும் சேர்த்துப் பாருங்கள். இதுவரை ஒரு முள்ளையும் அவன் தொண்டைக்குப் போக நான் விட்டதில்லை.