பதினோராவது பகுதியின் இருட்டு

முதல் மூன்று பகுதிகள் மெதுவாகத்தான் போகும். பெரும்பாலானவர்கள் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

நீங்கள் அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்கள், பார்ப்பதில்லை என்றீர்கள், இன்ஸ்பெக்டர். அதனால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது. ஜப்பானியத் தலைப்புக்கு 'நீர் வற்றும் நேரம்' என்று பொருள். பன்னிரண்டு பகுதிகள். ஒரு மீனவ ஊர். கடலில் மூழ்கி இறந்தவர்கள் நீர் வற்றும்போதெல்லாம் எழுந்து வீட்டுக்கு வருகிறார்கள். சாப்பிடுகிறார்கள். பழைய இடத்தில் படுத்துக்கொள்கிறார்கள். நீர் ஏறுவதற்குள் அவர்களை மறுபடியும் கொன்றாக வேண்டும். இல்லையென்றால் வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கொல்வதை அந்த வீட்டு ஆள்தான் செய்ய வேண்டும். ஒரு பள்ளி மாணவி தன் தாயை ஒவ்வொரு முறையும் கொல்கிறாள். கல்லால்.

வெளிவந்தபோது யாரும் கவனிக்கவில்லை. எடுத்த நிறுவனத்தையும் மூடிவிட்டார்கள். அதில் பேய் கத்தாது. பின்னணி இசை கிடையாது. கல் விழும் ஓசை கேட்கும், உடனே அவள் அரிசி களையும் ஓசை. இரண்டுக்கும் நடுவில் எதையும் வைக்கவில்லை. அப்படி எடுக்கத் துணிச்சல் வேண்டும்.

பதினோராவது பகுதியில் தாய் முதல் தடவையாக மகளை அடையாளம் கண்டுகொள்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். மகள் கல்லைத் தூக்குகிறாள். திரை இருண்டுவிடுகிறது. ஓசை மட்டும். இயக்குநர் நம்மை நம்பி விட்டுவைத்த இடம் அது. அந்த இருட்டை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

எனக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளவில்லை. எல்லோரிடமும் சொன்னேன். ஜாலான் புசார் வட்டாரத்தில் எங்கள் வாப்பாவின் ஹார்டுவேர் கடைக்குக் குழாய் வாங்க வருபவர்களிடம்கூடச் சொன்னேன். பார்க்கிறேன் என்று சொன்னவன் ரிஸ்வான் ஒருவன்தான்.

ரிஸ்வான் உயர்நிலைப் பள்ளியிலிருந்து என் நண்பன். யூடியூபில் தமிழில் அனிமே பற்றிப் பேசுவான். அவனுக்கென்று ஒரு கூட்டம் இருந்தது. தேநீர்க் கடையில்தான் அவனிடம் சொன்னேன்.

"பேய் கத்துமாடா?"

"கத்தாது."

"ரத்தம்?"

"கொஞ்சம்தான்."

"அப்புறம் எதுக்குலா ஹாரர்னு பேரு? சரி, நீ சொல்ற, பாக்குறேன்."

போன மாதம் வீடியோ போட்டான். "யாருமே கண்டுக்காம விட்ட மாஸ்டர்பீஸ், கைஸ். இத எனக்குச் சொன்னது என் மச்சான் அஸ்மத். கடையில ஆணி விக்கிறான், டேஸ்ட் மட்டும் வேற லெவல்."

என் பெயரைச் சொன்னது பிடித்திருந்தது. அதை நான் மறுக்கவில்லை. பிறகு பதினோராவது பகுதிக்கு வந்தான். கல் இறங்கும் நேரத்தில் தாய் கையை உயர்த்தி, மகளின் நடுங்கும் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாளாம். அடி சரியாக விழட்டும் என்று. அந்த இடத்தில் அவன் அழுதுவிட்டானாம்.

அப்படி ஒரு காட்சி கிடையாது.

எவனோ எங்கோ எழுதியதைப் படித்துவிட்டுப் பேசுகிறான் என்று புரிந்தது. கீழே வந்த பின்னூட்டங்கள் எல்லாம் அந்த மணிக்கட்டைப் பற்றித்தான். தொடரைத் தேடிப் பார்த்ததாகச் சொன்னவர்களும் அதையே எழுதினார்கள். அவர்களும் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கடைக்கு வரச் சொன்னேன். வாப்பா தொழுதுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுப்பார். கடையை மாலையில்தான் திறப்போம். வெளியே சாலையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டால் அடுத்த கடைக்குக் கேட்காது.

ரிஸ்வான் மாடியில் இருந்த சரக்கறைக்குச் சிரித்துக்கொண்டே ஏறி வந்தான். "என்ன மச்சான், ட்ரீட்டா? இன்னிக்கு பிரியாணி உன் செலவு."

"பதினொன்னுல என்ன நடக்குது, சொல்லு."

"அதான் வீடியோவுல சொன்னேனே. அம்மா கையப் புடிச்சுக்கும்."

சுத்தியலால் முழங்காலில் அடித்தேன். விழும்போது நெற்றி இரும்பு அலமாரியில் பட்டுக் கிழிந்தது. அது என் நோக்கமல்ல. எழுந்திருப்பதற்குள் கால்களை பிளாஸ்டிக் கேபிள் டையால் கட்டினேன். வலது கையை மேசை இடுக்கியில் வைத்து இறுக்கினேன். குழாய் பிடிக்கிற இடுக்கி. எந்தச் சுற்றில் எலும்பு பிடிபடும் என்று கைக்கே தெரியும். மறுபடி கேட்டேன்.

"நான் பாத்தேன்டா. வல்லாஹி பாத்தேன். அஃப்ரீன்கிட்ட கேளு."

அஃப்ரீன் அவன் மனைவி. கணவனுக்குச் சாதகமாகத்தான் பேசுவாள். கேட்கவில்லை. ஒவ்வொரு விரலாக அடித்தேன். ஒவ்வொரு விரலுக்கு முன்னும் அதே கேள்வியைக் கேட்டேன். அவனும் அதே பதிலைச் சொன்னான். ஒரு சொல் மாறவில்லை. பொய்யில் இவ்வளவு உறுதியாக நின்ற ஒருவனை நான் பார்த்ததில்லை.

"போட்டுப் பாருடா," என்றான். "போடு. இருக்கு."

நியாயமான கோரிக்கை. மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தேன். தொலைக்காட்சியில் வந்த காலத்திலேயே நான் இறக்கி வைத்த பதிவு. அவன் கண்ணில் இறங்கியிருந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டேன். சேர்ந்து பார்த்தோம்.

திரை இருண்டது. கல் விழும் ஓசை. அரிசி களையும் ஓசை.

ரிஸ்வான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இது இப்படி இல்லையே, மச்சான்," என்றான். மெதுவாகத்தான் சொன்னான். கையும் களவுமாக அகப்பட்டவனின் தடுமாற்றம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

இடது கையைப் பிடித்தேன். இடுக்கியில் வைப்பதற்குள் சொல்லிவிட்டான்.

"பாக்கல. நான் பாக்கலடா. சும்மா அடிச்சு விட்டேன். வீடியோவ எடுத்துடறேன். என்னைய விட்டுடு மச்சான்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அத்தனை வருடப் பழக்கத்தில் அவன் மனம்விட்டு உண்மை பேசியது அப்போதுதான் என்று நினைத்தேன். உண்மையை ஒப்புக்கொண்ட ஒருவனை அந்தக் கையோடு, அந்தக் காலோடு அவனுடைய பார்வையாளர்களிடம் திருப்பி அனுப்புவது இரக்கம் ஆகாது. பெரிய சுத்தியலை எடுத்தேன். என் கை நடுங்கியது. அதனால் சில அடிகள் தோளிலும் தாடையிலும் விழுந்தன. அவன் தேவைக்கு அதிகமாகவே துன்பப்பட்டான். கடைசியில் முகம் என்று சொல்ல எதுவும் இல்லை. பல் ஒன்று ஸ்க்ரூ பெட்டிக்குள் கிடந்தது. அதை எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டேன்.

மாலையில் கடையைத் திறக்க வந்த வாப்பாதான் முதலில் பார்த்தார். அவர் பார்த்திருக்க வேண்டாம். அதற்கு வருந்துகிறேன்.

நேற்று நீங்கள் அஃப்ரீன் சொன்னதைப் படித்துக் காட்டினீர்கள். "ரெண்டு தடவ பாத்தாரு, மேடம். ஜப்பான்லேருந்து டிஸ்க் வரவழைச்சுப் பாத்தாரு. ரெண்டாவது தடவ என்னையும் உக்கார வச்சாரு. அஸ்மத் சும்மா சொல்ல மாட்டான், நீயும் பாருன்னாரு." ஒளிபரப்பின்போது தணிக்கைக்காக அந்தக் காட்சியை இருட்டாக்கியிருந்தார்களாம். டிஸ்கில் முழுதாக இருக்கிறதாம். இரண்டு வடிவம் உண்டு என்பது ரிஸ்வானுக்கும் தெரிந்திருக்காது என்கிறீர்கள். எதில் பார்த்தாய் என்று நான் அவனைக் கேட்கவில்லை. அது உண்மைதான்.

ரிஸ்வானைக் கொன்றது நான். தனியாகச் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

அந்த டிஸ்கைப் போட்டுக் காட்டுகிறேன் என்று இரண்டாவது முறையாகச் சொல்கிறீர்கள். வேண்டாம். அந்த இருட்டு தணிக்கை அல்ல. மணிக்கட்டைப் பிடிக்கும் காட்சி தேவையில்லாதது. கதையைக் கெடுக்கிறது, வரைந்த விதமும் மோசம். இதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை.