கைராசி லேப்

நான் ஊசி குத்தினால் வலிக்காது, இன்ஸ்பெக்டர் மேடம். ராஜகீழ்ப்பாக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அதோடு, தபீதாள் கையில் ரத்தம் கொடுத்தால் ரிப்போர்ட் நல்லபடியாக வரும் என்றும் ஒரு பேச்சு உண்டு. சர்க்கரை ஏறியிருக்குமோ என்று பயப்படுகிறவர்கள் பெரிய பெரிய லேபையெல்லாம் தாண்டி என்னிடம் வருவார்கள். படித்தவர்களும்தான். எனக்குச் சிரிப்பாக இருக்கும். ரத்தத்தில் இருப்பதுதானே வரும், குத்துகிற கையில் என்ன இருக்கிறது?

ராஜகோபாலன் சாரும் அந்தக் கைராசியை நம்பித்தான் வந்தார். மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு மாதாமாதம் சி.ஆர்.பி. பார்க்கச் சொல்லியிருந்தார்கள். உடம்புக்குள் எங்கேயாவது சீழ் பிடித்தால் அந்த எண் ஏறும். எங்கே என்று சொல்லாது, எவ்வளவு மோசம் என்று சொல்லும். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் ஆள் தேறுவது கஷ்டம். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கு அவரை நன்றாகத் தெரியும்.

என் தங்கை எப்சி திருமுடிவாக்கத்தில் அவருடைய கம்பெனியில் வேலை பார்த்தாள். தகடு கிழித்து உள்ளங்கை வீங்கி, காய்ச்சலோடு லீவு கேட்டிருக்கிறாள். "இந்தக் கீறலுக்கெல்லாம் ஆஸ்பத்திரி எதுக்கும்மா? மஞ்சள வெச்சுக் கட்டு. லோடு போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாராம். வேலை போய்விடுமோ என்று அவளும் இருந்துவிட்டாள். லோடு போனது. ஆஸ்பத்திரியில் அவளுடைய சி.ஆர்.பி.யைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அடக்கத்துக்கு ராஜகோபாலன் மேனேஜரிடம் ஒரு மாலை கொடுத்தனுப்பினார். அதைக் குப்பையில் போட்டேன். அவரை வெறுத்தேன், மேடம். இப்போதும் வெறுக்கிறேன். செத்துப்போனதால் ஒன்றும் குறையவில்லை.

பழி வாங்குவது கடவுளின் வேலை என்று எங்கள் பாஸ்டர் சொல்வார். கடவுளுக்கு ஆயிரம் வேலை. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இந்த மனிதரோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் எண் பத்துக்குள், சரியாகத்தான் இருந்தது. சரியாகவே கொடுத்தேன். நான் அநியாயக்காரி இல்லை. மூன்றாம் மாதம் மெஷின் தொண்ணூற்றாறு காட்டியது. நான் நாலு என்று டைப் அடித்தேன். அடுத்த முறை இன்னும் ஏறியிருந்தது. மறுபடியும் நாலு என்றால் நன்றாக இருக்காதே என்று ஐந்து போட்டேன். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு வைரல் ஜுரம் என்று மாத்திரை எழுதினார்.

"முழங்கால் கொதிக்குது. வேற லேப்ல ஒரு தடவை பாக்கலாம்னு பையன் சொல்றான்" என்றார் அவர் மனைவி சாவித்ரி.

"எதுக்கு? இந்தப் பொண்ணு கைராசி வேற எங்க கிடைக்கும்?" என்று சார் ஒரு மைசூர்பா டப்பாவை என் மேசையில் வைத்தார். ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். நல்ல நெய்.

"இந்த வலிக்கெல்லாம் ஆஸ்பத்திரி எதுக்கு சார்? ஒத்தடம் குடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அவர் சொன்ன வார்த்தைதான். அவருக்கு ஞாபகம் வரவில்லை. எனக்கு இருக்கிற குறை அது ஒன்றுதான்.

கூடுவாஞ்சேரியில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்தார். அங்கே எடுத்த எண்ணைப் பார்த்தவர்கள், நன்றாக இருந்த மனுஷனுக்குத் திடீரென்று இப்படியா என்று அழுதார்கள். பையன் மட்டும் அழாமல் உங்களிடம் வந்தான். என் மெஷினில் பதிவான எண்களை இன்று காலை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். ஆமாம், அவரை நான்தான் கொன்றேன். அவரை மட்டும்தான். நியாயத்துக்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை.

சாவித்ரி அம்மா போனை எடுக்கவில்லை என்று உங்கள் ஆள் இப்போது வந்து சொன்னாரே, அவர் மேல் எனக்குத் துளியும் பகை இல்லை. முந்தாநாள் நல்ல காய்ச்சலோடு வந்தார். "அவரும் போயிட்டாரு, எனக்கும் பெருசா ஏதாவது இருக்குமோன்னு பயமா இருக்கும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பார்க்கப் பாவமாக இருந்தது. மெஷின் காட்டிய எண்ணைக் கண்டால் இன்னும் பயந்துபோவாரே என்று, அவருக்கும் நாலு என்றே போட்டுக்கொடுத்தேன்.