சாரதாவுக்காகப் போட்ட டிஸ்க்குகள்

வீடியோ கேசட்டில் பூஞ்சை பிடித்திருந்தால் அவசரப்பட்டு டெக்கில் போடக்கூடாது, மேடம். நிறையப் பேர் அங்கேதான் தப்பு செய்கிறார்கள். முதலில் கேசட்டைத் திறந்து டேப்பை மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒரு தடவை சுற்றிவிட்டு அப்புறம்தான் ஓட்ட வேண்டும். கடற்கரைப் பக்கம் இருந்த கேசட் என்றால் இன்னும் பொறுமை தேவை. எனக்குப் பொறுமை உண்டு.

நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும். பெற்ற தாயைப் பார்க்க விடாமல் நான் அடைத்து வைத்திருப்பதாக மகள் புகார் கொடுத்திருக்கிறாள் என்றீர்கள். அது உண்மையில்லை. அவள் வந்த அன்று கதவைத் திறந்துவிட்டவனே நான்தான். முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் காசிநாதன். வேலையில் இருந்தவரை அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ். நான், மனைவி சாரதாம்பாள், ஒரே மகள் திவ்யா. ரிட்டயர் ஆனதும் திருக்கழுக்குன்றத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். திவ்யா, ஜான்சன் என்கிற பையனைக் கல்யாணம் செய்துகொண்டு பொத்தேரிக்குப் போனாள். பையன் நல்லவன்தான், காலேஜில் லேப் வேலை. அவன் தாத்தா எங்கள் கொல்லையில் கூலிக்குக் களை வெட்டியவர். எனக்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் ஊர் என்று ஒன்று இருக்கிறது, பங்காளிகள் முகத்தில் விழிக்க வேண்டும். இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். சத்தம்கூடப் போடவில்லை. வீட்டு போன் நம்பரை மட்டும் மாற்றினேன்.

அப்புறம் சாரதாவுக்கு மறதி வந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பதில் ஆரம்பித்து, எது எங்கள் தெரு என்று தெரியாத அளவுக்குப் போயிற்று. பழைய படங்களைப் போட்டுக் காட்டுங்கள், பார்க்கப் பார்க்க ஞாபகம் நிற்கும் என்றார் செங்கல்பட்டு டாக்டர். எங்களிடம் ஒரு பெட்டி நிறைய கேசட் இருந்தது. பிறந்தநாள், பொங்கல், மாமல்லபுரம் போனது, எல்லாம் நான் எடுத்தவை. டெக் தேடிப் பிடித்தேன். டிஸ்க்கில் ஏற்றுவதையும் வெட்டி ஒட்டுவதையும் ஸ்டுடியோ வைத்திருக்கிற சரவணகுமார் சொல்லிக்கொடுத்தார். கொஞ்ச நாளில் அவரைவிட நன்றாகவே செய்தேன்.

டாக்டர் சொன்னது சரிதான். சாரதா தினமும் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். முகம் தெளிந்தது. மற்றதெல்லாம் உதிர்ந்துகொண்டே வந்தாலும் டிஸ்க்கில் இருந்தது மட்டும் அவளிடம் நின்றது. ஆனால் திவ்யா திரையில் வந்துவிட்டால் எழுந்துவிடுவாள்.

"பாப்பா இன்னும் வரல பாருங்க. இருட்டிகினு வருது. போய் இட்டாந்துடுங்க."

போய் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தெருவே பார்க்கும். ஸ்கூலில் ஃபங்ஷன் என்று சொன்னேன், நம்பவில்லை. இறந்துவிட்டாள் என்று சொல்லிப் பார்த்தேன். மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் அதை மறந்துவிட்டு மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னேன். அதே அழுகை, அன்றுதான் கேள்விப்பட்ட மாதிரி. சில வாரம் இப்படிப் போன பிறகு இது சரிப்படாது என்று புரிந்தது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, மேடம்.

பெற்ற மனம் பித்து என்பார்கள். பித்து தெளிய வழி இருக்கும்போது ஏன் அவதிப்பட வேண்டும்? டிஸ்க்குகளைத் திரும்பவும் வெட்டி ஒட்டிப் புதிதாகச் செய்தேன். முதலில் பிறந்தநாள்களை நீக்கினேன். பிறகு பள்ளிக்கூட நாடகம். மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளுவதுபோல் அம்மாவும் பெண்ணும் நிற்கிற இடத்தில், பாறையும் சாரதாவின் பாதியும் மட்டும் வருகிற மாதிரி சரிசெய்தேன். குரல் கேட்ட இடங்களில் நாதஸ்வரம் சேர்த்தேன். குழந்தையாக அம்மா மடியில் உட்கார்ந்திருப்பதை மட்டும் நீக்க முடியவில்லை. நீக்கினால் சாரதாவும் போய்விடுவாள். அதனால் அந்தக் காட்சி வரும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, அது பக்கத்து வீட்டு எல்லம்மாளின் குழந்தை, நீ கொஞ்சம் தூக்கி வைத்திருந்தாய் என்று சொல்லுவேன். அலுக்காமல் சொன்னேன். ஒரு நாள் அவளே திரையைக் காட்டி, "எல்லம்மா பொண்ணு, எவ்ளோ அழகா கீது" என்றாள். அன்று எனக்கு நல்ல தூக்கம்.

பழைய கேசட்டுகளை என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். டேப்பை உருவித் தம்பியின் வேர்க்கடலைக் கொல்லையில் குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டினேன். காற்றில் விர்ரென்று சத்தம் போடும், விதைத்ததைக் காக்கா தோண்டாது. எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். வெயில் பட்டதை இனி எந்த டெக்கிலும் ஓட்ட முடியாது.

திவ்யா போன மாதம் வந்தாள். அம்மாவைப் பொத்தேரிக்கு அழைத்துப்போய் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நான் வாக்குவாதம் செய்யவில்லை. உள்ளே போ, உன்னை மகள் என்று அவள் சொல்லிவிட்டால் இப்போதே அழைத்துப் போ என்றேன். ஓடினாள்.

"அம்மா, நாந்தாம்மா. திவ்யா."

சாரதா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டும் பார்த்தாள். எங்கே அடையாளம் கண்டுவிடுவாளோ என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன்.

"எல்லம்மா பொண்ணுதானே? டிவில தெனம் பாத்துகினுதான் கீறேன். நல்லா வளந்துட்ட. உங்கம்மா சௌக்கியமா கீறாங்களா?"

திவ்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, "சௌக்கியமா கீறாங்கம்மா" என்றாள். சாரதா கொடுத்த பிஸ்கட்டைத் தின்றாள். நான் போட்ட நிபந்தனையை மீறாமல் தனியாகவே போனாள். பிறகுதான் உங்களிடம் வந்திருக்கிறாள்.

எல்லாம் சாரதாவின் நிம்மதிக்காகத்தானா என்று கேட்கிறீர்கள். முழுசாகவே சொல்லிவிடுகிறேன். மறதி வருவதற்கு முன்பு ஒரு நாள் அவள் துணிமணியைப் பையில் எடுத்து வைத்தாள். "நான் பொண்ணு வூட்டுக்குப் போறேன். நீங்க உங்க ஊரோட இருங்க" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பையைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். மகளை மறந்தால்தான் இவள் என்னோடு இருப்பாள் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. டாக்டர் மறதி என்று சொன்னபோது, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. கொஞ்சம் தானாகவே மறந்தாள், மீதியை நான் மறக்கடித்தேன். தெரிந்துதான் செய்தேன். இதற்கு என்ன செக்‌ஷன் உண்டோ போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அவள் கேட்டில் நிற்பதில்லை, அழுவதில்லை. பொழுது சாய்ந்தால் மட்டும், "நேரமாவுது சார், உங்க வூட்ல தேட மாட்டாங்களா?" என்று என்னைக் கேட்கிறாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு வந்து மணி அடிப்பேன். யாரென்று விசாரித்துவிட்டுத்தான் திறக்கிறாள். திவ்யாவைப் போல என்னையும் மறந்துவிட்டாள் என்று எழுதிவிடாதீர்கள், மேடம். கேமராவைப் பிடித்திருந்தவன் நான். எந்த டிஸ்க்கிலும் நான் இல்லை, அவ்வளவுதான்.