ஐந்தாம் கொடியும் அறுபத்திரண்டு காலடியும்

நடந்தது அத்தனையையும் நடப்பதற்கு முன்பே சொன்னவன் நான். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் வணக்கம் வைக்கப் போகிறேன். ஏனென்றால், வணக்கம் முடிவதற்குள் மைக்கை வாங்கிவிடும் வழக்கம் இந்த மண்டபத்துக்கு உண்டு. அதையும் நான் முன்பே சொல்லியிருக்கிறேன்.

மேசைக்கு நடுவே மலைபோல் அமர்ந்து, மணியை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் தலைவர், தலைமையாசிரியை அம்மா அவர்களே. அறிவாலும் ஆண்டுகளாலும் உயர்ந்து, முன்வரிசையின் மெத்தை நாற்காலிகளை முழுவதும் கைப்பற்றியிருக்கும் பெரியோர்களே. பிள்ளையைப் பெற்று, பிள்ளையின் பையையும் சுமந்து, இப்போது என் பேச்சையும் சுமக்க வந்திருக்கும் தாய்மார்களே. கடிகாரத்தைக் கண்ணிமைக்காமல் காத்துவரும் தந்தைமார்களே. கடைசி வரிசையில் காலணியைக் கழற்றிவிட்டுக் கனவின் கரையில் நிற்கும் நண்பர்களே. இடப்பக்க ஓரத்தில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் புவியியல் டீச்சர் அவர்களே. மூன்றாம் வரிசையில் முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டிருக்கும் என் அக்கா மகளே, கோடு கிழித்தால் கோட்டின்மேலேயே நடப்பதால் எல்லோரும் எறும்பு என்று அழைக்கும் என் கண்மணியே: அனைவருக்கும் இந்தப் பலகை எழுதும் பெயின்டரின் பணிவான வணக்கம்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? பள்ளிப் பிள்ளைகள் காட்டுக்குள் ஓரியன்டீரிங் போகலாமா, கூடாதா என்று கை தூக்கி முடிவு செய்யக் கூடியிருக்கிறோம். போன மாதம் ஓர் அணி தொலைந்தது. இரண்டு மணி நேரம் ஐந்து பிள்ளைகளைக் காணவில்லை. அந்த அணியின் தலைவி என் எறும்பு. படத்தைத் தப்பாகப் படித்தாள் என்று தலைவிப் பதவியை எடுத்துவிட்டார்கள். அனுப்பியது தப்பு என்று டீச்சர்மேல் பழி. ஐந்தாம் கொடியின் காவலனாக அன்று காட்டுக்குள் அமர்ந்தவன் அடியேன். ஆகவே, நடந்ததை நடந்தபடி சொல்ல என்னை மேடை ஏற்றியிருக்கிறார்கள். நடந்தபடி சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நடக்காததையும் சேர்த்தே சொல்லுவேன்.

யார் அங்கே சிரிப்பது? அக்காவா? சிரி அக்கா, சிரி. நான் ஆறாம் வகுப்பை நிறுத்தினேன் என்று சொன்னால், ஆறாம் வகுப்புதான் என்னை நிறுத்தியது என்று ஊருக்கெல்லாம் சொல்லும் அக்கா அது.

இந்த விளையாட்டை அறியாத தாய்மார்களுக்காக ஒரு வார்த்தை. கையில் ஒரு வரைபடம். கழுத்தில் ஒரு திசைகாட்டி. காட்டுக்குள் ஆறு இடங்களில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஆறு கொடிகள். வரைபடத்தில் எங்கே வட்டம் போட்டிருக்கிறதோ, அங்கே கொடி இருக்கும். கொடியோடு ஒரு துளைக்கருவி தொங்கும். அதைக் கொண்டு தன் அட்டையில் துளை போட்டுக்கொண்டு அடுத்த கொடியைத் தேடிப் போக வேண்டும். வழி சொல்ல ஆள் கிடையாது. வழிகாட்டப் பலகை கிடையாது. அம்புக்குறி, ஒன்றே ஒன்றுகூடக் கிடையாது.

அந்தக் கடைசிச் செய்திதான் என் நெஞ்சில் தைத்தது. இந்த வட்டாரத்தில் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் அம்பு இருக்கிறதே, அது யார் கை? மருத்துவமனைக்கு அம்பு நான் போட்டேன். மயானத்துக்கும் நான்தான் போட்டேன். கல்யாண மண்டபம் இப்பக்கம் என்று நான் போட்ட அம்பைப் பார்த்துப் போய்க் குடும்பஸ்தர் ஆனவர்கள் இந்த அரங்கில் குறைந்தது நாற்பது பேர். என்மேல் அவர்களுக்குக் கோபம் இல்லை என்று நம்புகிறேன்.

கொடிகளுக்கு வண்ணம் பூச டீச்சர் என் கடைக்கு வந்த அன்று, டர்பென்டைன் வாடைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் சொன்னேன்:

“டீச்சர், கூடவே பத்து அம்பும் போட்டுத் தர்றேன். காசே வேண்டாம். பிள்ளைங்க நேரா போயி நேரா வந்துரும்.”

“அம்பு போட்டா அது தெருங்க. அம்பு இல்லாம போறதுதான் விளையாட்டே.”

“அப்போ ஒரு குரூப்பு கண்டிப்பா தொலையும். எழுதி வெச்சுக்குங்க.”

“தொலையாம இருக்கத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். சந்தேகம் வந்தா, நிச்சயமா தெரிஞ்ச இடத்துல நில்லு. நின்னு மூணு தடவை விசில் ஊது. ஆள் வர்ற வரைக்கும் நகராதே. நீங்க ஒண்ணு பண்ணுங்க, அஞ்சாவது கொடிகிட்ட உட்காருங்க. சும்மா உட்கார்ந்தா போதும். கொடிய விட்டு மட்டும் நகராதீங்க.”

உட்காருவது எங்கள் குடும்பக் கலை. ஒப்புக்கொண்டேன். எழுதி வைக்கச் சொன்னதையும், ஒரு குழு தொலைந்ததையும், இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தீர்க்கதரிசனம் வேறு எப்படி இருக்கும்?

அந்தக் காலையை எப்படிச் சொல்வேன்? எந்தச் சொல்லால் சொல்வேன்? பால் கொதித்துப் பொங்கிக் காட்டுக்குள் வழிந்தது போல ஒரு பனிமூட்டம். மரங்கள் இடுப்பளவு வெண்மையில் நின்றன. ஒரு மரம் தெரியும், பிறகு தெரியாது. சொட்டுச் சொட்டாக இலை நுனியில் நீர் திரளும், திரண்டு தயங்கும், தயங்கி விழும். விழுந்த சத்தம் வேறொரு காலையிலிருந்து வருவது போலக் கேட்கும். பேருந்தில் வரும்போது பெருங்கூச்சல் போட்ட அதே பிள்ளைகள், வரைபடத்தைக் கையில் வாங்கியதும் குரல் தாழ்ந்து போனார்கள். வகுப்பில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளை, அன்று முதல்முறையாகப் பாடத்தைப் பார்த்தது. ஏனென்றால் அன்று ஜன்னலுக்கு வெளியேதான் பாடம் இருந்தது.

டீச்சர் என்னை ஒரு பாறைக்கு அழைத்துப் போனார். மாட்டு வண்டி அளவுக்கு ஒரு பாறை. “கொடி இங்கதான். வட்டத்துக்கு நடுப்புள்ளி இதுதான்” என்றார். போய்விட்டார். நான் அமர்ந்தேன். அந்தப் பாறையைவிட்டு ஓர் அங்குலம் அசையவில்லை. எத்தனை சுகமான இருக்கை. கீழே காய்ந்த இலை மெத்தை. இருபக்கமும் கை வைத்துக்கொள்ள வாகு. முதுகுக்கு ஒரு சாய்மானம்.

என்ன கேட்கிறீர்கள், லாரி ஓட்டுநர் அண்ணாச்சி? சத்தமாகத்தான் கேளுங்களேன்.

“பாறையில ஏதுங்க சாய்மானம்?”

ஒவ்வொருவருக்கு வாய்க்கிற பாறை அது. உங்களுக்கு வாய்க்கவில்லை என்றால் நான் என்ன செய்வது?

ஒன்றன்பின் ஒன்றாக நான்கு அணிகள் பனிக்குள்ளிருந்து முளைத்து வந்தன. தூரத்திலேயே ஆரஞ்சு நிறத்தைக் கண்டு, “அதோ அதோ” என்று ஓடிவந்து, அட்டையில் துளை போட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பனிக்குள்ளேயே கரைந்தன. வரைபடத்தை ஒரு பிள்ளையும் பார்க்கவில்லை. நான் பூசிய ஆரஞ்சு அப்படிப்பட்ட ஆரஞ்சு.

பிறகு காடு அமைதியானது. கண்ணை மூடினேன். தூக்கம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். விழிப்பின் இன்னொரு வகை அது. வரைபடத்தில் மேடு பள்ளம் காட்டுகிற பழுப்புக் கோடுகள் இருக்கின்றனவே, அவை ஒவ்வொன்றாகத் தாளைவிட்டு எழுந்தன. எழுந்து, குளத்தில் கல் விழுந்த வளையம்போல் காடெங்கும் விரிந்தன. அந்த வளையங்களின்மேல் பிள்ளைகள் சின்னச் சின்ன எறும்புகளாக வரிசையாக நடந்து போனார்கள். நான் போட்ட அம்புகள் எல்லாம் பலகையைவிட்டுக் கழன்று, இறகு முளைத்துப் பறந்தன. அப்போது ஒரு பறவை கூவியது. மூன்று தடவை. சற்று இடைவெளி. மறுபடி மூன்று தடவை. அப்படி ஒரு பறவையை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. இனிமையாகவும் இருந்தது, என்னவோ கேட்பது போலவும் இருந்தது. நெடுநேரம் கூவியது. பிறகு களைத்து நின்றுவிட்டது.

நான் கண் திறந்தபோது பனி விலகி வெயில் வந்திருந்தது. கொடியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்ட இடத்துக்குத் திரும்பினேன். அங்கே டீச்சர் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணியவர் மறுபடி எண்ணினார். மூன்றாம் முறை எண்ணும்போது அவர் குரல் உடைந்தது. எறும்பின் அணி இல்லை.

ஓடினோம். எல்லோரும் ஓடினோம். நான்தான் முதலில் ஓடினேன் என்பதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும். கண்டுபிடித்தவர் டீச்சர். ஒரு பாறைமேல் ஐந்து பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் தீர்ந்திருந்தது. கடைசிப் பிள்ளை அழுது முடித்து விக்கலில் இருந்தது. அதை மடியில் இருத்திக்கொண்டு எறும்பு சொன்னாள்:

“டீச்சர், எடம் இதுதான். கொடிதான் வரல.”

எல்லோரும் சிரித்தார்கள். நான்கு அணி கண்ட கொடியை நீ ஒருத்தி காணவில்லை என்றால் தப்பு யார்மேல் என்று கேட்டார்கள். வேறு ஏதோ பாறையில் போய் உட்கார்ந்துகொண்டாள் என்றார்கள். பாறை அதுதான் என்று டீச்சர் சொன்னதை, தன் தப்பை மறைக்கச் சொல்கிறார் என்று தள்ளிவிட்டார்கள். அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். ஐந்தாம் கட்டத்தில் துளைக்கருவியின் துளை இல்லை. ஒரு முள்ளால் குத்திய சின்ன ஓட்டை இருந்தது. “இது செல்லாது” என்று எழுதினார்கள். நானும் சிரித்தேன். அவள் என்னை மட்டும் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டாள்:

“மாமா, நீங்க பாறைகிட்டதானே இருந்தீங்க?”

“பின்னே? அதை விட்டு அசையவே இல்லையே.”

“அப்போ நான் நின்னது எது?”

“மேப்புன்னா அப்பிடித்தான்மா. அச்சடிக்கிறவன் கை கொஞ்சம் நழுவியிருக்கும்.”

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, வரைபடத்தைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். திசைகாட்டியையும் அதோடு வைத்துவிட்டாள். ஒரு மாதம் ஆயிற்று. எடுக்கவில்லை. கோட்டின்மேல் நடந்த பிள்ளை, இப்போது கடைக்குப் போகக்கூட “மாமா, எந்தப் பக்கம்?” என்று கேட்கிறாள். என் அம்பு இருக்கிற தெருவிலேயே கேட்கிறாள்.

தலைவர் அம்மா மணியின்மேல் கை வைத்துவிட்டார்கள். இரண்டே நிமிடம் தாருங்கள். அண்ணாச்சி, தண்ணீர் பாட்டிலை இப்படி நகர்த்துங்கள். நன்றி.

நேற்றுக் காலை, அலமாரிக்கு மேலே கை விட்டு அந்த வரைபடத்தை எடுத்தேன். யாரிடமும் சொல்லாமல் தனியாகக் காட்டுக்குப் போனேன். ஐம்பது வயதை நெருங்கும் மனிதன், கழுத்தில் திசைகாட்டி, பிள்ளைபோல. சிரிக்க வேண்டாம். ஊசி நடுங்கியது, நானும் நடுங்கினேன். பிறகு ஊசி நின்றது, நானும் நின்றேன். எந்தப் பலகையும் இல்லை. எந்த அம்பும் இல்லை. ஓடையைத் தாண்டி, காலடியை எண்ணி, மேட்டின் தோளைச் சுற்றிப் போகச் சொன்னது தாள். போனேன். இங்கே பள்ளம் என்றது, பள்ளம் இருந்தது. இங்கே இரட்டை மரம் என்றது; இரட்டை மரம் இருந்தது. ஒரு தாள் இப்படி உண்மை பேசும் என்று எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை? ஆறாம் வகுப்பில் நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், என்னை யாராவது அந்த ஜன்னலுக்கு வெளியே அனுப்பியிருந்தால் நான் இன்று என்னவாகியிருப்பேன்? அம்பு போடுகிறவனாகவே இருந்திருப்பேன். ஆனால் அம்பு தேவைப்படாத அம்பு போடுகிறவனாக இருந்திருப்பேன்.

வட்டத்தின் நடுப்புள்ளிக்கு வந்தேன். பாறை. பாறையின்மேல் ஐந்து கூழாங்கற்கள், வரிசையாக. ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள், தாங்கள் இங்கேதான் இருந்தோம் என்று சொல்ல. பக்கத்திலேயே முள்செடி.

அங்கிருந்து எண்ணிக்கொண்டே நடந்தேன். அறுபத்திரண்டு காலடி. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது நன்றி. பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கு நன்றி. மணியை அடிக்காமல் கையை எடுத்துக்கொண்ட தலைவர் அம்மாவுக்கு நன்றி. தாய்மார்களே, நீங்கள் கை தூக்குவதற்கு முன் ஒன்று யோசியுங்கள். பனிக்குள், பசிக்குள், பயத்துக்குள், நாலு பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டீச்சர் சொன்னதைச் சொன்னபடி செய்து, தனக்குத் தெரிந்த இடத்தைவிட்டு அசையாமல் இரண்டு மணி நேரம் நின்ற பிள்ளை தொலைந்த பிள்ளையா? அப்படி நிற்கச் சொல்லிக்கொடுத்த டீச்சர் தண்டிக்கப்பட வேண்டிய டீச்சரா? நம் பிள்ளைகள் காட்டுக்குப் போகட்டும். போய், தான் நிற்கும் இடம் எது என்று தெரிந்துகொண்டு வரட்டும்.

நான் சொன்னதில் பெரும்பாலும் உண்மை. ஓட்டத்தில் நான் முதலில் ஓடவில்லை, மூன்றாவதாக ஓடினேன். அது சின்ன விஷயம். ஒன்று மட்டும் சின்ன விஷயம் இல்லை.

பாறையைவிட்டு அசையவில்லை என்று சொன்னேனே, அது நான் கட்டிய கதை. பாறை பனியில் நனைந்து சில்லென்று இருந்தது. அறுபத்திரண்டு காலடி தள்ளி, புதருக்கு அப்பால், காய்ந்த இலைக்கு நடுவே, நாற்காலிபோல் வேர் விட்ட ஒரு மரம் இருந்தது. கொடியைவிட்டு நகரக் கூடாது என்றார்கள். அதனால் கொடியையும் தூக்கிக்கொண்டு போனேன். கொடி கட்டிய என் கயிறு, துண்டாக இன்னும் அந்த மரத்தில் இருக்கிறது. நேற்றும் பார்த்தேன். கூவியது பறவை இல்லை.

எறும்பு, இந்தப் பக்கம் பாரும்மா. நீ நின்ன எடம்தான் சரி. தொலைஞ்சது நான்.

வணக்கம்.