மறு ஏலம்

டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறீர்கள், நன்றாக இருக்கிறது அம்மா. நீங்களும் குடியுங்கள், ஆறிவிடும். இன்ஸ்பெக்டர் ஆனாலும் வயிறு கேட்கத்தானே செய்யும். அந்தப் பக்கத்துக் கதவை மட்டும் சாத்திவிடச் சொல்லுங்கள். வெளியே பெஞ்சில் ஜாஸ்பின் உட்கார்ந்திருக்கிறாள்.

சேவலிலிருந்து ஆரம்பிக்கிறேன், உங்களுக்கு எழுத வசதியாக இருக்கும்.

ஆவூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தேர் முடிந்த மறுநாள், மாதாவுக்கு வந்த காணிக்கைகளைக் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். தேங்காய், பூசணி, சேவல். சேவலை எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். மாதாவுக்கே இருக்கட்டும் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். மறுபடி கூவுவார்கள். வேறொருவர் எடுப்பார், அவரும் திருப்பிக் கொடுப்பார். பொழுது சாயும்வரை ஒரே சேவல்தான். கோயிலுக்கு ஓடு வந்ததும் பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு வந்ததும் அப்படித்தான். கால் கட்டின சேவல் வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு கையில் போனும் நேரமும்தான் மிச்சம். திருச்சியில் சொல்லி ஒரு வெப்சைட் போட்டேன். 'மறு ஏலம்' என்று பெயர். வசதியானவர்கள் பொருள் கொடுப்பார்கள். எந்த நாட்டிலிருந்தும் விலை கேட்கலாம். வருகிற பணம் இருதய நோய் உள்ள பிள்ளைகளுக்காக நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். நான் ஒரு ரூபாய் தொட்டதில்லை. நீங்களே விசாரித்திருப்பீர்கள்.

திருமயத்துப் பக்கத்து உடையப்பன் அண்ணன், இப்போது மெட்ராஸில் இருக்கிறார், ஒரு பித்தளை அண்டாவை எடுத்தார். எடுத்த கையோடு போன் செய்தார்.

"இத அபார்ட்மெண்ட்ல எங்கிட்டு வைக்கிறது? ஊர் வீட்லயே ஏழெட்டு உருளுதுங்க. திரும்ப ஏலத்துல விடுங்க."

அந்த அண்டா உலகம் சுற்றியது. எங்கள் வீட்டு அடுப்படியைத் தாண்டவில்லை.

ஒவ்வொரு ஏலத்தோடும் ஒரு பிள்ளையின் படம் போடுவேன். முதலில் குணமாகிச் சிரிக்கிற பையன் ஒருவன். எல்லோரும் கைகூப்புகிற பொம்மை போட்டார்கள். விலைதான் கேட்கவில்லை.

அடுத்தது ஷெரின். எங்கள் தெருவில் தையல் மிஷின் போட்டிருக்கும் ஜாஸ்பினின் மகள், இரண்டாம் வகுப்பு. பிறவியிலேயே இருதயத்தில் கோளாறு. ஓடினால் உதடு நீலம் பாரித்துவிடும், குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் கொஞ்சம் தெளியும். அன்று நாய்க்குப் பயந்து ஓடிவந்திருந்தாள். தற்செயலாகத்தான் எடுத்தேன். படம் போட்டதும் ஏலம் எங்கேயோ போய்விட்டது. அந்த ஒரே ஏலத்தில் அவள் ஆபரேஷனுக்கு வேண்டியது சேர்ந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் ஈஸ்டருக்குப் பிறகு தேதி கொடுத்தார்கள்.

இங்கேதான் நீங்கள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆபரேஷன் ஆனால் நீலம் போய்விடும். அவளுக்குப் பின்னால் இன்னும் பிள்ளைகள் நின்றார்கள், அரிமளத்தில் ஒரு கைக்குழந்தை உட்பட. மதுரைக்குப் போன் செய்து, பிள்ளைக்குக் காய்ச்சல், தேதியைத் தள்ளி வையுங்கள் என்றேன். காய்ச்சல் எதுவும் இல்லை.

"இன்னுமா அக்கா டேட் வரல? அவ மூச்சு வாங்குறதப் பாத்தா எனக்குப் பகீர்ங்குது."

"பெரிய ஆஸ்பத்திரி ஜாஸ்பின். அவங்க கூப்புடுறப்பத்தான் போகணும்."

"நீங்க பாத்துக்குவீங்க. அப்பறம் எனக்கென்ன கவல?"

கூலி வாங்காமல் எனக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். இப்போது நான் போட்டிருப்பது அதுதான். நேற்று உங்கள் ஆட்கள் கூப்பிட வந்தபோது இதுதான் கைக்கு அகப்பட்டது. தோள் பக்கம் நெருப்பு மாதிரி இருக்கிறது அம்மா.

அரிமளத்துக் குழந்தை பிழைத்தது. தவழ்கிற வீடியோ அனுப்பினார்கள். நான் தேதியை மறுபடி தள்ளினேன்.

பிறகு உடையப்பன் அண்ணன் கேட்டார். "அதே பழைய போட்டோவத்தான் போடுறீங்க. அந்தப் புள்ள இப்ப எப்டித்தான் இருக்கு?"

நியாயமான கேள்வி. புதுப் படம் வேண்டியிருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அவ்வளவு நீலம் வராது.

கோயில் திடலுக்குக் கூட்டிப் போனேன். மாதா சிலை இருக்கிற கெபியிலிருந்து கொடிமரம் வரை ஓடிவரச் சொன்னேன். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து ஓடாதே, ஓடாதே என்று மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை. ஓடச் சொன்ன ஒரே ஆள் நான்தான். அதனால் என்மேல் அவளுக்கு உயிர்.

"அம்மாட்ட சொல்லிறாதீங்க பெரியம்மா" என்று அவள்தான் என்னிடம் கெஞ்சினாள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஏலத்துக்கும் ஓடினாள்.

கடைசி நாள் நல்ல வெயில். ஓடிவந்து நின்று, உதட்டைக் குவித்துக் காட்டினாள்.

"நீலமா வந்துருச்சா பெரியம்மா?"

"இன்னுங் கொஞ்சம் கண்ணு. இன்னொரு தடவ ஓடிட்டு வா."

சிரித்துக்கொண்டேதான் திரும்பினாள். கொடிமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அப்படியே சாய்ந்தாள். நான் போனை எடுத்தேன். படம் எடுத்தேன். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸுக்கு அடித்தேன்.

காரியம் முடிந்து, ஏன் கடைசிவரை கூப்பிடவில்லை என்று கேட்க மதுரைக்குப் போன ஜாஸ்பினிடம், "தேதியத் தள்ளச் சொன்னது ஒங்க வீட்டு ஆளுதானேம்மா" என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

பொய் சொல்லித் தள்ளியது நான். ஓடவிட்டது நான். விழுந்த பிள்ளையைத் தூக்காமல் படம் எடுத்ததும் நான். கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் படம் உங்களிடம் இருக்கிற என் போனில்தான் இருக்கிறது. நான் அதை ஏலத்தில் போடவில்லை. அந்த அளவுக்கு ஈவிரக்கம் கெட்டவள் இல்லை அம்மா. ஒன்றே ஒன்றுதான் மனசை அறுக்கிறது. மணமேல்குடிப் பையன் ஒருவன் இன்னும் காத்திருக்கிறான். படமோ நல்ல வெளிச்சத்தில் விழுந்திருக்கிறது.